காண்டோரைப் பார்ப்பவர்களும் மாட்டைப் பார்ப்பவர்களும்

கலிபோர்னியாவில் இருக்கும் பினக்கிள்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாந்தபடியே நடக்கிறார்கள். கழுத்தில் பைனாகுலர், தோளில் ஸ்கோப், கையில் தண்ணீர் பாட்டில். எல்லாம் காண்டோர் என்கிற ஒரு பறவைக்காக. இறக்கையை விரித்தால் ஒன்பதரை அடி. எடை எட்டிலிருந்து பத்து கிலோ. செத்ததை மட்டுமே தின்னும் பிணந்தின்னிக் கழுகு. தலையில் ஒரு முடி கிடையாது, அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1982-ல் உலகத்திலேயே 22 காண்டோர்கள்தான் மிச்சம். அந்த 22-லிருந்து மீண்டு வந்த ஒன்று தலைக்குமேல் போகும்போது யாருக்குத்தான் கழுத்து வலிக்கும்?

அண்ணாந்து பார்ப்பது தப்பில்லை. ஆனால் அந்தப் பறவை பிழைக்குமா சாகுமா என்பது மேலே முடிவாவதில்லை. பூங்காவின் முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தில், செத்துக் கிடக்கும் ஒரு பன்றியின் வயிற்றுக்குள் முடிவாகிறது. காண்டோரைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் அந்த மேய்ச்சல் நிலத்துக்காரரை ஒன்று மறந்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் வில்லனாக்கிவிடுகிறார்கள். இரண்டுமே பறவைக்கு நல்லதல்ல.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கலிபோர்னியா என்றதும் பலருக்கு ஹாலிவுட்டும் சிலிக்கான் பள்ளத்தாக்கும்தான் ஞாபகம் வரும். ஹாலிஸ்டர் என்ற ஊரிலிருந்து தெற்கே 25-ஆம் நெடுஞ்சாலையில் போனால் வேறு ஒரு கலிபோர்னியா. மழை என்பது குளிர்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலையெல்லாம் பச்சைக் கம்பளம். மே கடைசியில் அதே புல் காய்ந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். நடுநடுவே தனித்தனியாக ஓக் மரங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடு கிடையாது, மாடுதான். இப்படிப்பட்ட பெரிய மாட்டுப் பண்ணைகளைத்தான் அங்கே 'ராஞ்ச்' என்கிறார்கள். பண்ணை என்றதும் கொட்டகையும் தீவனத் தொட்டியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இது ஆயிரக்கணக்கான ஏக்கர் வறண்ட புல்வெளி. மாடு தானே மேயும், தானே கன்று போடும், சில சமயம் தானே செத்தும் போகும்.

சும்மா காரில் போகிறவர்களுக்கு வெறும் காய்ந்த புல்தான் தெரியும். நின்று பார்த்தால்தான் விஷயம். வேலிக் கம்பத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஓக் கொட்டை அடித்து இறுக்கியிருக்கும். ஒரு மரங்கொத்திக் கூட்டம் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த களஞ்சியம் அது. மஞ்சள் மூக்கு மேக்பை என்று ஒரு பறவை. கலிபோர்னியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த ஓக் மேய்ச்சல் நிலங்களில் சர்வசாதாரணமாகத் திரியும். தரையில் வளை தோண்டி வாழும் அணில்கள் ஏராளம். அந்த அணில் விட்டுப்போன வளையில் ஒரு குட்டி ஆந்தை குடியிருக்கும், பகலிலேயே வாசலில் நின்று முறைக்கும். ஓக் மரத்தில் பொன்னிறக் கழுகு.

இன்னொரு வேடிக்கை, மாடு தண்ணீர் குடிக்க வெட்டிவைத்த குட்டைகள். தாழ்நிலங்களில் இருந்த இயற்கைக் குட்டைகள் வீடும் வயலுமாக மாறிவிட்டன. அதனால் கலிபோர்னியா புலி சாலமாண்டர் என்கிற அருகிவரும் உயிரினம் பல இடங்களில் இந்த மாட்டுக் குட்டைகளில்தான் முட்டையிடுகிறது. 2004-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தபோது அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டு, வழக்கமான மாட்டுப்பண்ணை வேலைகளுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. பண்ணைக்காரர் குட்டையைத் தூர்வாராமல் விட்டால் சாலமாண்டருக்குத்தான் நஷ்டம்!

டூலி எல்க் என்ற மானின் கதையும் இதே மாதிரிதான். கலிபோர்னியாவுக்கு மட்டுமே சொந்தமான மான். தங்க வேட்டைக் காலத்தில் கண்டபடி சுட்டுத் தின்று, அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1870-களில் ஹென்றி மில்லர் என்ற மாட்டுப் பண்ணை முதலாளியின் நிலத்தில், சதுப்பு வடிகால் வெட்டும்போது, சிலது உயிரோடு இருப்பது தெரிந்தது. மில்லர் அவற்றைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். இன்று கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கும் டூலி எல்க் எல்லாம் அந்தச் சிலதின் வாரிசுகள். மில்லர் ஒன்றும் மகாத்மா கிடையாது, நிலம் வளைப்பதில் பெயர் போனவர். ஆனாலும் மான் பிழைத்தது அவர் போட்ட ஒரு உத்தரவால்.

சரி, காண்டோருக்கு வருவோம்.

காண்டோரைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாள் ஏமாறுவது டர்க்கி வல்ச்சர் என்கிற இன்னொரு பிணந்தின்னியிடம். அதுவும் கறுப்பு, அதுவும் வட்டமடிக்கும். ஆனால் அது இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துபோலத் தூக்கிப் பிடித்து, குடித்தவன் சைக்கிள் ஓட்டுவதுபோல இரண்டு பக்கமும் ஆடும். காண்டோர் ஆடாது. பலகையை வைத்ததுபோல நேராக வரும். விமானம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. வளர்ந்த பறவையாக இருந்தால் இறக்கைக்கு அடியில் இரண்டு வெள்ளை முக்கோணங்கள், தலை ஆரஞ்சு நிறம். இளசு என்றால் தலை கறுப்பு. அப்புறம் இறக்கையில் ஒரு பட்டை, அதில் ஒரு எண். ஏறக்குறைய ஒவ்வொரு காண்டோருக்கும் ஜாதகம் உண்டு. எங்கே பொரிந்தது, யார் அப்பா அம்மா, எந்த வருடம் விட்டார்கள், யாரோடு ஜோடி, எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எண் போட்ட பறவை காட்டுப் பறவையா என்று மூக்கைச் சுருக்கும் பறவை ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1987-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருடம் ஏப்ரல் 19-ஆம் தேதி, பிட்டர் கிரீக் என்ற இடத்தில், காட்டில் மிஞ்சியிருந்த கடைசி காண்டோரையும் வலைபோட்டுப் பிடித்தார்கள். ஏசி-9 என்று பெயர். அன்றைக்கு உலகத்தில் இருந்த மொத்தம் 27 பறவைகளும் லாஸ் ஏஞ்சலஸிலும் சான் டியேகோவிலும் கூண்டுக்குள். வானத்தில் பூஜ்யம். பிடிக்கக்கூடாது, மானத்தோடு சாகவிடுங்கள் என்று அப்போது வாதாடியவர்களும் உண்டு. பிடிக்காமல் விட்டிருந்தால் இன்று அண்ணாந்து பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

காண்டோர் இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வயதுக்கு வர ஆறேழு வருடம். முதல் முட்டையை எடுத்துவிட்டால் பல சமயம் இன்னொன்று இடும் என்று கண்டுபிடித்து, எடுத்த முட்டையை இன்குபேட்டரில் பொரிக்கவைத்து, தாயின் தலைபோலச் செய்த பொம்மைக் கையுறையால் ஊட்டி வளர்த்தார்கள். 1992-ல் மறுபடி காட்டில் விட ஆரம்பித்தார்கள். 1996-ல் அரிசோனா, 1997-ல் பிக் சர் கடற்கரை மலைகள், 2003-ல் பினக்கிள்ஸ், 2022-ல் வடக்கே யூரோக் பழங்குடியினரின் நிலம். இன்று காட்டிலும் கூண்டிலுமாக 500-க்கு மேல். ஏசி-9-ஐயே 2002-ல் திரும்ப விட்டுவிட்டார்கள், பதினைந்து வருடச் சிறைவாசத்துக்குப் பிறகு.

இங்கே படம் முடிந்து 'வணக்கம்' போட்டிருக்க வேண்டும். ஆனால் விட்ட பறவைகள் செத்துக்கொண்டே இருந்தன. மின்கம்பியில் மோதிச் சில, கழுகு அடித்துச் சில, 2020 காட்டுத்தீயில் சில, 2023-ல் பறவைக் காய்ச்சலில் அரிசோனா பக்கம் 21. இத்தனையையும் தாண்டி, காரணம் தெரிந்த சாவுகளில் சுமார் பாதிக்கு ஒரே காரணம். ஈயம்.

ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இல்லை. அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், துப்பாக்கித் தோட்டாவில் இருப்பது. காரீயம் மென்மையான உலோகம். வேகமாகப் போய் ஒரு மான் மீதோ பன்றி மீதோ பட்டதும் தோட்டா அப்படியே நிற்பதில்லை, சிதறுகிறது. சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் உடம்புக்குள் மாவு தூவியதுபோல நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார். காண்டோர் வந்து சாப்பிடும், தூளோடு சேர்த்து. அதன் வயிற்று அமிலம் சாமானியப்பட்டதல்ல, உலோகத்தைக் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும். பிறகு ஜீரணப் பாதை முடங்கிப்போகும். தொண்டைப்பை நிறையச் சாப்பாடு இருக்கும், கீழே இறங்காது. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பட்டினியால் சாகும் பறவை. இதைவிடக் குரூரமான சாவு இருக்க முடியுமா தெரியவில்லை.

குண்டூசித் தலை அளவு துண்டு போதும். அதுவும் காண்டோர்கள் கூட்டமாகச் சாப்பிடுபவை. ஒரு பன்றி, ஒரு தோட்டா, பத்துப் பறவைகள். அதனால்தான் ஒவ்வொரு பறவையையும் வருடத்துக்கு ஓரிரு முறை பிடித்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஈயம் அதிகம் என்றால் மிருகக்காட்சிசாலை ஆஸ்பத்திரியில் ரத்தத்திலிருந்து ஈயத்தை இழுக்கும் ஊசி. தேறியதும் திரும்பக் காட்டுக்கு. சில பறவைகள் இப்படிப் பலமுறை போய் வந்தவை. 2010-ல் பினக்கிள்ஸ் எல்லைக்குள் நூறு வருடத்துக்கு மேல் கழித்து முதல்முறையாக ஒரு காண்டோர் குஞ்சு பொரிந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டு மாதம் போவதற்குள் அந்தக் குஞ்சின் ரத்தத்திலும் ஈயம். அப்பா அம்மா பாசத்தோடு கொண்டுவந்து ஊட்டியதில் இருந்தது. கூட்டிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

தோட்டா காரணமில்லை என்று துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் வெகுகாலம் வாதாடின. பழைய பெயின்ட், குப்பைமேடு என்று என்னென்னவோ சொன்னார்கள். ஒரு சில பறவைகளுக்குப் பழைய கண்காணிப்புக் கோபுரமொன்றின் பெயின்டிலிருந்தும் ஈயம் போனது உண்மைதான். ஆனால் ஈயத்துக்கும் கைரேகை மாதிரி ஒன்று இருக்கிறது, ஐசோடோப். 2012-ல் வெளியான ஆராய்ச்சியில் பறவைகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்தில் பெரும்பகுதி தோட்டா ஈயத்தோடு ஒத்துப்போனது. அதோடு அந்த விவாதம் முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் ராஞ்ச்காரர் வருகிறார்.

அவரிடம் துப்பாக்கி இருக்கிறது, அவருக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் புல்வெளியை உழுதுபோட்டதுபோல ஆக்கிவிடும். (இந்தப் பன்றியும் அந்த ஊருக்குச் சொந்தமில்லை. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றி, 1920-களில் மான்டரே பக்கம் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கலந்து பெருகியது.) தரை அணில் புல்லைத் தின்னும், அணைக்கரையில் வளை போடும், அந்த வளையில் குதிரை காலை விட்டால் கதை முடிந்தது. எனவே அவர் சுடுகிறார். சுட்டதை அள்ளிப் புதைக்க நேரமுமில்லை, வழக்கமுமில்லை. அங்கேயே கிடக்கும்.

நகரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு உடனே தோன்றும் தீர்வு, சுடுவதை நிறுத்து, செத்ததை அப்புறப்படுத்து. தப்பான தீர்வு! காண்டோருக்குச் சாப்பாடு போடுகிறவர்களில் முக்கியமானவர் அந்த ஆள்தான். ஒரு காலத்தில் இந்தப் பறவைக்குப் பெரிய விலங்குகள் எத்தனையோ கிடைத்தன. அவை குறைந்துபோனபோது ஸ்பானிய மாடு வந்தது. 1800-களின் முதல் பாதியில் கலிபோர்னியாவின் பெரிய வியாபாரமே தோலும் கொழுப்பும்தான். தோலை உரித்துக்கொண்டு மிச்ச மாட்டைச் சமவெளியிலேயே விட்டுவிட்டார்கள், காண்டோருக்குத் திருவிழா. அன்றிலிருந்து இந்தப் பறவை மாட்டுக்காரர்களை நம்பித்தான் பிழைக்கிறது. இன்றும் பறவைகளை விடும் இடங்களில் ஈயமில்லாத சாப்பாடு என்று வைப்பது பால்பண்ணைகளில் செத்துப் பிறந்த கன்றுகளைத்தான்.

பினக்கிள்ஸ் பூங்கா சுமார் 26,000 ஏக்கர். காண்டோர் ஒரு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும். காலையில் பூங்காவில் ஸ்கோப்காரர்களுக்குத் தரிசனம் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு யாருடைய ராஞ்சிலோ இருக்கும். அந்த ராஞ்ச் இல்லாவிட்டால், அந்த இடத்தில் வீட்டுமனை வரும், சாலை வரும். மாட்டை விற்றுவிட்டு மனை போடுவது கலிபோர்னியாவில் எவ்வளவு லாபமான விஷயம் என்று சொல்லவே வேண்டாம்.

எனவே கேள்வி ரொம்பச் சின்னது. சுடுவதும் இருக்கட்டும், செத்ததைப் போட்டுவிட்டுப் போவதும் இருக்கட்டும், தோட்டா மட்டும் காரீயத்துக்குப் பதில் செம்பாக இருந்தால் போதும். செப்புத் தோட்டா சிதறாது, பூ மாதிரி விரிந்து ஒரே துண்டாக நிற்கும். அப்போது அவர் சுட்டுப்போட்ட ஒவ்வொரு பன்றியும் காண்டோருக்கு விருந்து.

கேட்க எளிது. நடந்ததைப் பாருங்கள்.

கலிபோர்னியா சட்டம் போட்டது. 2008 ஜூலையிலிருந்து காண்டோர் பறக்கும் பகுதிகளில் பெரிய விலங்கு வேட்டைக்குக் காரீயத் தோட்டா கூடாது. 2013-ல் இன்னொரு சட்டம், அது 2019 ஜூலை 1-ஆம் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது. மாநிலம் முழுக்க, எந்தக் காட்டு உயிரையும் துப்பாக்கியால் சுடக் காரீயம் கூடாது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். இன்றைக்கும் பறவைகள் ஈயத்தால் சாகின்றன.

ஏன்? ஒரு காரணம் சட்டத்தின் சொல்லிலேயே இருக்கிறது. அது காட்டு உயிர்களைச் சுடுவதைப் பற்றியது. கால் முறிந்து கிடக்கும் தன் மாட்டை, வேதனைப்படவேண்டாம் என்று அதன் சொந்தக்காரர் ஒரு குண்டு போட்டு முடித்தால்? அது வேட்டையல்ல, மாடு காட்டு உயிருமல்ல. பழைய காரீயத் தோட்டா தாராளமாகச் செல்லும். அந்த மாடு மலைச்சரிவில் கிடந்தால் அதுதான் பறவைகளுக்கு அந்த வாரத்தின் பெரிய சாப்பாடு. இரக்கத்தில் போட்ட குண்டு!

இன்னொரு காரணம் கடை. அணில் சுட ராஞ்ச்காரர்கள் வைத்திருப்பது பாயின்ட் 22 என்கிற சின்னத் துப்பாக்கி. அதற்குக் காரீயமில்லாத தோட்டா கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை அதிகம். இதில் வேடிக்கை, தோட்டா வாங்குகிறவர்களின் பின்னணியை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்ற வேறொரு விதியும் அதே 2019 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்தது. வெளியூரிலிருந்து தபாலில் நேராக வீட்டுக்கு வரவழைப்பதற்கும் அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. துப்பாக்கிக் குற்றங்களைக் குறைக்கக் கொண்டுவந்த விதிகள், பின்னால் நீதிமன்றம் வரை போனவை. அந்த வாதத்தின் நியாயம் தனி. ஆனால் காரீயம் வேண்டாம் என்று ஒரு துறை சொல்ல, மாற்றுத் தோட்டா கைக்கு வரும் வழியை இன்னொரு சட்டம் குறுக்கியது. பழைய பெட்டி பரணில் இருக்கும்போது அந்த மனுஷர் என்ன செய்வார்?

மூன்றாவது காரணம் மனசு. அமெரிக்க மாட்டு நாட்டில் ஒரு பிரபலமான வசனம் உண்டு. சுடு, புதை, வாயை மூடு. அருகிவரும் உயிரினம் எதையாவது தன் நிலத்தில் பார்த்தால் அதிகாரிகளுக்குத் தெரியும் முன்பு செய்ய வேண்டிய மூன்று காரியங்களாம். கேட்க அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அது வந்தது கொலைவெறியில் இல்லை, பயத்தில். பறவை வந்தால் பின்னாலேயே ஃபைல் வரும், ஃபைல் வந்தால் நிலம் போகும் என்ற பயம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே டேஹோன் ராஞ்ச் இருக்கிறது. சுமார் 2,70,000 ஏக்கர், பத்து பினக்கிள்ஸை உள்ளே வைக்கலாம். அவர்கள் 1997-ல் காண்டோர் விவகாரத்தில் மத்திய அரசின் வனஉயிர்த் துறை மேலேயே வழக்குப் போட்டார்கள்.

அந்த ராஞ்சில்தான் 2003 பிப்ரவரியில் ஏசி-8 செத்தது. 1986-ல் பிடிபட்ட கடைசிக் காட்டுப் பெண் காண்டோர். பதினான்கு வருடம் கூண்டில் முட்டையிட்டு இனத்தைக் காப்பாற்றியது. 2000-ல் விடுதலை. பழைய காடு தெரிந்த பறவை, கூண்டில் பிறந்த இளசுகளுக்கு வழி காட்டும் என்று நம்பிக்கை. இடையில் ஈய விஷம் ஏறி, பிடித்து வைத்தியம் பார்த்து, மறுபடி விட்டார்கள். சில வாரங்களில் பன்றி வேட்டைக்கு வந்த ஒருவர் மரத்தில் உட்கார்ந்திருந்த அதைச் சுட்டுவிட்டார். கோர்ட்டு, அபராதம் எல்லாம் நடந்தது. ஒரே பறவையின் வாழ்க்கையில் ஈயம் இரண்டு விதமாக வந்தது. முதல் தடவை வந்ததற்குப் பத்திரிகைச் செய்தி பெரிதாக இல்லை. இரண்டாவது தடவைக்குத்தான் ஊரே கொதித்தது. ஆனால் காண்டோர்களில் பெரும்பாலானவை சாவது முதல் விதத்தில், யாரும் கொல்ல நினைக்காமலே.

அதே டேஹோன் என்ன செய்தது தெரியுமா? 2008-ல், மாநிலச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, தன் நிலத்தில் வேட்டைக்குக் காரீயத் தோட்டா கூடாது என்றது. அதே வருடம் சியரா கிளப், ஆடுபான் உள்ளிட்ட அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு, பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைக் கட்டடம் வராமல் விட்டுவைக்க ஒத்துக்கொண்டது. பதிலுக்கு மிச்ச நிலத்தில் வீடு கட்டும் திட்டங்களை அந்த அமைப்புகள் எதிர்க்கக்கூடாது. காண்டோர் நிபுணர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலமாகவே நிற்பது வழக்கினால் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அரிசோனா வேறு வழியில் போனது. தடைச்சட்டமே கிடையாது. 2005-லிருந்து காண்டோர் பகுதியில் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்குக் காரீயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள். வேட்டைக்காரர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஒத்துழைத்தார்கள். அங்கேயும் ஈயச் சாவு நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் பழைய தோட்டா போட்டாலும் கூட்டமாகத் தின்னும் பறவைக்கு அது போதும். கலிபோர்னியாவிலும் 2012-லிருந்து வென்டானா வைல்ட்லைஃப் சொசைட்டி என்ற அமைப்பு ராஞ்ச்காரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் செப்புத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்துவருகிறது. யூரோக் பழங்குடியினர் பறவையை விடுவதற்குப் பல வருடம் முன்பே வேட்டைக்காரர்களிடம் போய் எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களே வேட்டையாடுகிறவர்கள், அதனால் பேச்சில் உபதேச வாடை அடித்திருக்காது.

சட்டம் வேண்டாம், பேச்சே போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டமும் வேண்டும். ஆனால் சட்டம் போட்டதோடு கடமை முடிந்தது என்று கைகழுவியதுதான் தப்பு. ஆள் அரவமில்லாத மலைச்சரிவில் ஒருவர் அணில் சுடும்போது எந்த இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கப்போகிறார்? அந்த இடத்தில் சட்டத்தை அமல்படுத்தும் ஒரே ஆள் அந்த ராஞ்ச்காரர்தான்.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைச் சிறுநீரகம் பழுதாக்கிக் கொன்றது. 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் மாட்டுக்குப் போடத் தடை. உடனே நின்றதா? மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் மனித மருந்தையும் 3 மில்லி குப்பியாகச் சுருக்க வேண்டியிருந்தது. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளுக்காக வேலை செய்கிறவர்கள் இன்றும் மாட்டுப்பட்டிக்கும் மருந்துக்கடைக்கும் நடக்கிறார்கள். அங்கேயும் மாட்டுக்காரர் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை, நோயில் கிடந்த மாட்டுக்கு ஊசி போட்டார். வித்தியாசம், அங்கே மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. கலிபோர்னியாவில் பாயின்ட் 22-க்கு அது இன்னும் சரியாக அமையவில்லை.

அப்படியானால் பினக்கிள்ஸில் அண்ணாந்து நிற்கிறவர்கள் என்னதான் செய்வது? முதலில் பாட்டில் மூடியைக் கீழே போடாமல் இருக்கலாம். தாய்க் காண்டோர்கள் பளபளக்கும் மூடியையும் கண்ணாடித் துண்டையும் எலும்புத் துண்டு என்று நினைத்துக் குஞ்சுக்கு ஊட்டி, அதனாலேயே குஞ்சுகள் செத்திருக்கின்றன. அடுத்து, 25-ஆம் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேக்பையையும் குட்டையையும் ஒரு பத்து நிமிடம் பார்க்கலாம். அந்த நிலத்தின் சொந்தக்காரர் பைனாகுலர்காரர்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கை ஆட்டினால் அவரும் ஆட்டுவார்.

மிச்சத்தை மாநிலம் செய்ய வேண்டும். சொந்த மாட்டை முடித்துவைப்பதற்கும் காரீயம் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அதற்கு முன்பு மாற்று கையில் இருக்க வேண்டும். காண்டோரை வளர்க்க, விட, ரத்தம் எடுக்க, ஆஸ்பத்திரியில் வைக்க இதுவரை பல கோடி டாலர் செலவாகியிருக்கிறது. அதில் ஒரு சின்னத் துண்டை ஒதுக்கி, ராஞ்ச்காரர்கள் மாட்டுத் தீவனமும் முள்கம்பியும் வாங்கப் போகும் அதே கடையில், காரீயத் தோட்டா இருக்கும் அதே அலமாரியில், அதே விலைக்குச் செப்புத் தோட்டாவையும் வைத்துவிடலாம். பாயின்ட் 22 அளவிலிருந்து ஆரம்பித்தால் நல்லது.